இடதுபக்க பெஞ்சிலிருந்து எழுந்தவள்

எல்ம்போர்ட்,
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள கோரினுக்கு அம்மா எழுதுவது.

எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசவில்லை என்பது ஒன்றுதான் குறை. நீயும் யோரிஸும் அங்கே எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் நின்றதா, மழையில் சைக்கிளில் வேலைக்குப் போகாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை, தலைக்கவசமாவது போடு. ஃபோனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறாளே என்று நினைப்பாய். ஃபோன் எடுத்தால் அப்பா சமையலறையை விட்டு நகர மாட்டேன் என்கிறார், ஒன்றும் பேசாமல் குளிர்பெட்டியைத் திறந்து திறந்து மூடுகிறார், அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுவிடும், அப்புறம் நீ அவரோடு பேசுவாய், அவர் அவருடைய கதையைச் சொல்வார். அதற்கு முன்னால் என் கதை உன்னிடம் வந்து சேரட்டும். தபால் நிலையத்தில் ஒரு வாரத்தில் போய்விடும் என்றார்கள்.

போன வாரம் நீ கேட்டாய், ஏம்மா, ஒரு மரப் பெஞ்சுக்காகவா இவ்வளவு சண்டை, புது மைதானத்துப் படம் பார்த்தேன், நல்லாத்தானே இருக்கு, கூரை இருக்கு, சாய்ஞ்சு உக்கார நாற்காலி இருக்கு, கழிவறை சுத்தமா இருக்கும், பேஸ்பால் ஆட்டம் பார்க்க வர்றவங்களுக்கு வேற என்னதான் வேணும் என்று. நீ கட்டடம் வரைகிறவள், உனக்குத் தெரியாததை நான் சொல்லிவிட முடியுமா என்று நினைத்து சூப்பைப் பற்றிப் பேசிவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டும்போதுகூட அதுதான் மண்டைக்குள். கழிவறை விஷயத்தில் நீ சொல்வது சரி, நம் மைதானத்துக் கழிவறைக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. மற்றதற்குப் பதில் செவ்வாய்க்கிழமை நடந்ததில் இருக்கிறது. யோரிஸுக்கும் நீ இதை வாசித்துக் காட்டுவாய் என்பதால் கொஞ்சம் விளக்கியே எழுதுகிறேன், அவன் இங்கே வந்தபோது மூன்றாவது இன்னிங்ஸில் என் தோளைத் தட்டி, ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும் என்று கேட்டவன் அல்லவா.

இடதுபக்கத் திறந்த பெஞ்சு வரிசைகள் மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு அங்கே கம்பெனிக்காரர்கள் விருந்து வைக்க ஒரு மேடை கட்டப்போகிறார்கள். நமக்கு எங்கே இடம் என்று கேட்டால் மேல் தளத்தில் இருக்கிறது என்கிறார்கள், அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரன் எறும்பு. பாதிச் செலவு அணியின் முதலாளி, பாதி நகர மன்றம். வடக்குத் தெரு நூலகத்தைச் சனிக்கிழமை திறந்து வைக்கக் காசில்லை என்று சொன்ன அதே மன்றம். என் பேருந்துத் தடத்தில் இரண்டு நிறுத்தங்களை வெட்டி, குழந்தைகளைப் பனியில் நடக்கவிட்ட அதே மன்றம். இதற்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள், எப்போது வைக்கிறார்கள் தெரியுமா, ஆட்டம் நடக்கும் செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு. யார் வரக்கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அவர்கள் நேரம் குறிக்கிறார்கள்.

நாங்களும் ஒரு ஏற்பாடு செய்தோம். நகர மன்றம் மைதானத்திலிருந்து இரண்டு தெரு. மக்களைப் பேசவிடுவது எப்படியும் எட்டு மணிக்குமேல்தான். ஆட்டம் ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் ஐந்து இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஐந்து முடிந்ததும் இடதுபக்க பெஞ்சு மொத்தமும், இருநூறு பேர், எழுந்து நடந்தே போய் அந்தக் கூடத்தை நிரப்புவது என்று பேச்சு. பேசியது நார்ப். உனக்கு அவனை நினைவிருக்கும், சுத்தியல் கம்பெனியில் வேலை செய்தவன், பெரிய உடம்பு, சிறுவயதில் நீ அவன் நிழலில் உட்கார்ந்து வெயிலைத் தப்பிப்பாய். அவன்தான் பெஞ்சின்மேல் ஏறி நின்று, ஒருத்தன்கூட பின்தங்கக் கூடாது, நொண்டிச்சாக்கு சொல்றவன் இனிமே இங்க உக்கார வேண்டாம், மேல் தளத்துக்குப் போய்க் கம்பெனிக்காரன் மடியில உக்காந்துக்கங்க என்று கத்தினான். எல்லாரும் கைதட்டினார்கள். உன் அப்பாவும் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை நம் பக்கம் பந்து எறிந்தவன் டுசெக் என்ற பையன். ஒல்லி, முகத்தில் பரு, இதுவரை பெரிதாக ஒன்றும் செய்ததில்லை. முதல் இன்னிங்ஸ், எதிரணியில் அடிக்க வந்த மூன்று பேரும் அவுட், மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ் முடிந்தது. இரண்டாவதிலும் அப்படியே. நாங்கள் வழக்கம்போல எதிரணியில் இடது களத்தில் நிற்கும் பையனை வாட்டிக்கொண்டிருந்தோம், அவன் எங்களுக்குப் பத்தடியில்தான் நிற்கிறான், ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். நார்ப் அவனிடம், தம்பி, அந்தக் கையுறைய உங்கம்மா தச்சாங்களா இல்ல மீன் பிடிக்கப் பின்னினாங்களா என்றான். அந்தப் பையன் திரும்பாமலே, உங்க வயித்துக்கு ஒண்ணு பின்னச் சொல்லவா அண்ணே, அம்மாகிட்ட நூல் பத்தாது என்றான். பெஞ்சு மொத்தமும் அவனுக்காகக் கைதட்டியது, நார்ப்தான் முதலில் தட்டினான். நாலாவது இன்னிங்ஸ் வரை இப்படித்தான் போனது. நாலாவது முடிந்தபோது சத்தம் குறைந்தது. நான் பலகையைப் பார்த்தேன். எதிரணி அடித்த அடிகள் என்ற இடத்தில் பூஜ்யம். ஐந்தாவதும் அப்படியே முடிந்தது. யோரிஸுக்குச் சொல், எதிரணியில் ஒருவன்கூட ஒழுங்காக ஒரு அடி அடிக்காமல் ஒன்பது இன்னிங்ஸும் எறிந்து முடிப்பது என்பது ஒரு பந்தெறிகிறவனுக்கு வாழ்க்கையில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது. நம் ஊரில் அது நடந்து நான் கண்ணால் பார்த்ததில்லை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது. பந்தெறிகிறவனிடம் யாரும் பேசக்கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து யாரும் அசையக்கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். அசைந்தால் போச்சு. இதை யார் சட்டமாகப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் தேவாலயத்துக்குப் போகாதவன்கூட இதை மீறமாட்டான்.

ஐந்து முடிந்தது. எழுந்து போக வேண்டிய நேரம். நான் நார்ப்பைப் பார்த்தேன். அவன் ஆட்டக்களத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தொடைமேல் இரண்டு கையையும் வைத்து, படம் பிடிக்க உட்கார்ந்தவன் மாதிரி. இருநூறு பேரும் அப்படித்தான். சரி, இன்னும் ஒரு இன்னிங்ஸ் பார்ப்போம், அதற்குள் எவனாவது அடித்துவிடுவான், எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். மகளே, நம் பையன் அடி வாங்க வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். ஆறாவதில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். மணி எட்டைத் தொட்டிருந்தது. நான் அப்பாவின் முழங்கையைத் தொட்டு, லாய்ட், போகணும் என்றேன். அவர் உதட்டை மட்டும் அசைத்து, உக்காரு இர்மா என்றார். அங்க யாருமே இருக்க மாட்டாங்க லாய்ட். உக்காருன்னு சொல்றேன்ல. நார்ப் திரும்பாமலே, லாய்ட், உன் வீட்டுக்காரிக்கு என்ன ஆச்சு என்றான். நான் எழுந்தேன். பெஞ்சு கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு இருநூறு பேரும் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். முழங்கால்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வரிசையைத் தாண்டினேன், ஒருவரும் எனக்காகக் காலை மடக்கவில்லை, மடக்கினால் அதுவும் அசைவுதானே. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது என்று உனக்குத் தெரியும். ஒருத்தி எழுந்து வெளியே போவதால் இருநூறடி தள்ளி எறிகிற பந்து வளையாமல் போகுமா. ஆனாலும் வாசலைத் தாண்டும்வரை நான் நுனிக்காலில்தான் நடந்தேன்.

மன்றக் கூடத்தில் முதலாளியின் ஆட்கள் இரண்டு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் ஒரே நிறச் சட்டை, சம்பளத்தோடு அனுப்பப்பட்டவர்கள். நமக்காகப் போட்ட நாற்காலிகள் காலி. சுவரில் பெரிது பெரிதாகப் புது மைதானத்துப் படங்கள். நீ பார்த்த அதே படங்கள்தான். கோரின், அதை இன்னொரு தடவை எடுத்துப் பார். சிரிக்கிறார்கள், கோப்பையை உயர்த்துகிறார்கள், ஃபோனைக் காட்டுகிறார்கள், ஒருவருக்கொருவர் முகம் பார்த்து மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள்கூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வரைந்தவன் மறந்து செய்ததில்லை அது. அப்படித்தான் இருக்கப்போகிறது.

என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடம். எழுதிக்கொண்டு போகவில்லை, பேசப்போவது நார்ப் என்றுதானே இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். நல்ல மைதானம்னா என்னன்னு என் பொண்ணு கேட்டா, உங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். நான் வரிசைக்குள்ள தள்ளி உக்காந்திருக்கேன், கடலைக்காரன் செட்ரிக் அந்தப் பக்கம் படிக்கட்டுல நிக்கிறான். நடுவுல பதினஞ்சு பேரு. அஞ்சு டாலர் நோட்டைப் பக்கத்துல இருக்கிறவன் கையில கொடுக்கிறேன், அவன் யாருன்னே எனக்குத் தெரியாது. கொடுத்துட்டு நான் ஆட்டத்தைப் பார்க்கிறேன், நோட்டைப் பார்க்கிறதில்ல. கொஞ்ச நேரத்துல கடலை வருது, மீதிச் சில்லறையும் வருது. பதினஞ்சு கை, குடிச்சவன் கை, வேலையில்லாதவன் கை, போன வாரம் என்னோட சண்டை போட்டவன் கை. இத்தனை வருஷத்துல ஒரு சல்லிக்காசு குறைஞ்சதில்ல. இந்த ஊருல வேற எங்கயாவது அப்படி நோட்டைக் கொடுத்துட்டு நான் வேற பக்கம் திரும்ப முடியுமா? இந்தக் கூடத்துல முடியுமா? நீங்க கட்டப்போறதுல அவனவன் ஃபோன்ல தட்டி வாங்குவான், அவனவன் மேசையில வச்சுத் தனியாத் தின்பான். நல்ல ஓட்டல்தான், நான் இல்லங்கல. ஊர்க் காசுல எதுக்கு ஓட்டல்? இதுதான் நான் சொன்னது. அந்த ஒரே நிறச் சட்டைக்காரர்களில் ஒரு பெண் கைதட்டப் போய், பக்கத்தில் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது தலைவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னிடம் கேட்டார், அம்மா, இருநூறு பேர் வரப்போறாங்கன்னு எங்களுக்குச் சொன்னாங்க, நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க, மத்தவங்களுக்கு இதுல அக்கறை இல்லைன்னு எடுத்துக்கலாமா என்று. நான் வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும், எல்லாரும் இந்த ஊர்க்காரர்கள்தான். சொல்ல வரவில்லை கோரின். நுனிக்காலில் நடந்தவள் என்று சொன்னேனே, அவள்தான் அங்கேயும் நின்றாள். அவங்க உக்காந்திருக்காங்க என்றேன். ஏன் உக்காந்திருக்காங்க? சொல்லக்கூடாதுங்க என்றேன். கூடம் சிரித்தது. இந்த ஊரில் முப்பது வருடமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற என்னைப் பார்த்து, பைத்தியம் என்று நினைத்துச் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான், மன்ற உறுப்பினர் ஹாலிஹன், இடதுபக்க பெஞ்சில் எங்களுக்கு இரண்டு வரிசை கீழே வளர்ந்த பிள்ளை. அவர் முகம் மாறிவிட்டது. மெதுவாக, எந்த இன்னிங்ஸ் என்று கேட்டார். ஆறு முடிஞ்சதும் எழுந்து வந்தேன் என்றேன். அவர் தலையாட்டினார், மேசைக்கு அடியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாம் புரிந்த ஒரே ஆள். வாக்கெடுப்பு வந்தபோது நமக்கு எதிராகக் கையைத் தூக்கினார். நான்குக்கு மூன்று. அவர் ஒரு கைதான் கணக்கு. புரியாதவன் எதிர்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, புரிந்துகொண்டே கையைத் தூக்குகிறவனைப் பார்த்தால்தான் பேருந்தை அவன் வாசலில் ஏற்றலாமா என்று வருகிறது.

இது முதல் வாக்கெடுப்புதான், கடைசி வாக்கெடுப்பு இரண்டு வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை. ஏழு மணி. அன்றைக்கும் ஆட்டம் உண்டு.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றேன். மைதானத்து விளக்கு வானத்தில் தெரிந்தது. அப்போது கேட்டது, உனக்கு அந்தச் சத்தம் தெரியும், ஏழாயிரம் பேர் ஒரே நேரத்தில் அடக்கிய மூச்சை விடுகிற சத்தம். எட்டாவது இன்னிங்ஸ். இடது களத்தில், எங்கள் பெஞ்சுக்கு நேர் முன்னால் விழுந்ததாம் அந்த அடி. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சு போச்சு, அதுவும் போச்சு, இரண்டுக்கும் பழி யார்மேல் விழும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எட்டாவதுல போச்சு என்றார். அவ்வளவுதான், அதற்குப்பிறகு வாய் திறக்கவில்லை. மறுநாள் மளிகைக் கடையில் நார்ப்பின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். எரிபொருள் போடுகிற இடத்தில் ஒருவன், ஆறாவதுல எழுந்த அக்கா வந்திருக்காங்க, பார்த்துப் போடுடா, பம்பு நின்னுடப்போகுது என்றான். அப்பா காலையில் எனக்குக் காபி போட்டு வைக்கிறார், அதை மறக்கவில்லை, ஆனால் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகிறார். கண் எரிகிறது, இங்கே நிறுத்துகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இன்று மதியம் ஆட்டத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்பா தனியாகக் கிளம்பிப் போய்விட்டார், வீட்டில் உட்கார்ந்து வானொலியில் கேட்கலாம் என்று நினைத்தேன், அப்புறம் நான் ஏன் ஒளிய வேண்டும் என்று தோன்றியது. நான் தப்பு ஒன்றும் செய்யவில்லையே, அவர்கள் செய்யாமல் விட்டதைத்தானே செய்தேன். வழியெல்லாம் நார்ப்பைக் கேட்கவேண்டிய கேள்விகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். மேலே ஏறிப் பார்த்தால் என் இடத்தில், அப்பாவுக்கும் நார்ப்புக்கும் நடுவில், நார்ப் குடிக்கக் கொண்டுவரும் பாட்டில்களை வைக்கிற பனிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. வரிசை மொத்தமும் ஆட்டத்தைப் பார்த்தது. படிக்கட்டு ஓரத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தேன், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், ஊருக்குப் புதியவள் போல, என்னைப் பார்த்துச் சிரித்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவது இன்னிங்ஸில் செட்ரிக் வரிசையின் அந்த முனைக்கு வந்து, கடலை, கடலை, சூடா இருக்கு, உங்க பந்தெறியிறவனவிட சூடா இருக்கு என்று கத்தினான். நான் கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினேன். ஐந்து டாலர் நோட்டை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன், அவள் அடுத்தவரிடம் கொடுத்தாள், அவர் அடுத்தவரிடம். வழக்கமாக நான் நோட்டைப் பார்க்கமாட்டேன் என்று அந்தக் கூடத்தில் பெருமை பேசினேனே, இன்று கண்ணை எடுக்கவில்லை. நோட்டு நார்ப்பிடம் போனது. அங்கே நின்றுவிட்டது. அவன் அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்தான். செட்ரிக் பொட்டலத்தை நீட்டியபடி நின்றான். யோவ் நார்ப், கை வலிக்குது எனக்கு என்றான். நார்ப் உரக்க, யார் காசு இது என்றான். யாருடையது என்று அவனுக்குத் தெரியும். களத்தில் ஒருவன் வந்து, மூன்று பந்தை விட்டு, நாலாவதை அடித்து, பிடிபட்டுத் திரும்பிப் போனான், அதுவரை நோட்டு அங்கேயே இருந்தது. கோரின், நான் சொன்ன பதினைந்து கையும் இதோடு சரி, நான் அந்தக் கூடத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாம் என்று பையைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது உன் அப்பா பனிப்பெட்டிக்கு மேலே கையை நீட்டினார். நார்ப்பின் முகத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவன் விரல் நடுவிலிருந்து நோட்டை உருவி அடுத்த பக்கம் கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரி காசு, கடலை கேக்குறா, கொடுக்கிறதுல உனக்கென்ன என்றார். கடலை வந்தது. ஒவ்வொரு கையாக வந்தது. நார்ப்பின் கை வழியாகவும் வந்தது. சில்லறை சரியாக இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. எழுந்து நின்று, வரிசை முழுக்கக் கேட்கும்படி, அங்க நாற்காலி காலியா இருந்ததப் பார்த்து அவங்க சிரிச்சாங்க நார்ப், அந்த நாலு பேரு கையத் தூக்கினதுக்கு நான் எழுந்தது காரணமா, நீ எழுந்திரிக்காதது காரணமா என்றேன். அவனுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. எழுந்திரிச்சிருந்தா அது அப்பவே போயிருக்கும் என்றான். எழுந்திரிக்காமலும் போச்சே என்றேன். நீ எழுந்திரிச்சியே என்றான். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தோம். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை, ஆனால் ஒன்று சொல்கிறேன். நீ கட்டடம் கட்டுகிறவள், இருநூறு பேரை, குடிகாரன் பாதி, முட்டிவலிக்காரன் பாதி, மணிக்கணக்காக ஒன்றுக்குக்கூடப் போகவிடாமல், பேசவிடாமல், முன்பின் தெரியாத ஒரு பையனுக்காக மூச்சைப் பிடித்து உட்கார வைக்கிற ஒரு இடத்தை நீ வரைந்து கொடுக்க முடியுமா. நாங்கள் எதைக் காப்பாற்றப் போக வேண்டியிருந்ததோ அதுதான் எங்களைப் போகவிடவில்லை. இதுதான் உன் கேள்விக்குப் பதில், எனக்கு இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸ் வாக்கில் நார்ப் ஆட்டத்தைப் பார்த்தபடியே கேட்டான், கடைசி வாக்கெடுப்பு எத்தனை மணிக்கு? ஏழு என்றேன். அன்னிக்கு யார் எறியறான்? எல்லாருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் அதே பையன்தான். டுசெக். வரிசை மொத்தமும் முனகியது. நார்ப் விரல் விட்டு எண்ணினான். பிறகு, அப்ப நாலாவது முடியிறதுக்குள்ள எழுந்திரிச்சிடணும், அஞ்சு ஆனாத்தான் அது கணக்கு, நாலுக்குள்ள எழுந்தா ஒண்ணுமில்ல, வெறும் ஆட்டம்தான் என்றான். பின்வரிசையில் ஒருவன், மூணுலயே சுத்தமா இருந்தா என்ன பண்றது என்றான். மூணெல்லாம் ஒரு கணக்காடா, என் மாமியார்கூட மூணு இன்னிங்ஸ் எறிவா என்றான் நார்ப். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பனிப்பெட்டி விளிம்பைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது. பெஞ்சின்மேல் ஏறிப் பேசுகிறவன் அவன்தான், பேசுவதை நான் ஏற்கெனவே கேட்டுவிட்டேன். பெட்டியை மட்டும் கீழே இறக்கி வைத்தான். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

இதெல்லாம் எழுதுவது ஏனென்றால் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அவர்கள் சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள், நம்மிடம் வாய்தான் இருக்கிறது. வாயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், படத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். எனக்கு ஒரே ஒரு படம் வரைந்து அனுப்பு. இடதுபக்க பெஞ்சு அப்படியே இருக்கட்டும், கூரை வேண்டாம், அவர்களுடைய விருந்து மேடையை வலதுபக்கம் வண்டி நிறுத்துமிடத்தின் மேல் வை, கழிவறையைச் சுத்தமாகப் போடு. ஆட்களை வரையும்போது எல்லாரும் களத்தைப் பார்க்கிற மாதிரி வரை. நடுவில் ஒரு நோட்டு கைமாறுவது தெரிந்தால் நல்லது. நூலக மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அங்கே இருக்கிற பெண் பெரிதாக அச்சடித்துத் தருகிறேன் என்றிருக்கிறாள். உனக்கு அலுவலகத்தில் வேலை இருக்கும், தெரியும். இதையும் செய்.

வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பக்கத்து வீட்டு நாய் நம் கொடித் துணியில் ஒரு காலுறையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, ஒருவரோடு ஒருவர் பேசாத வீட்டில் ஒற்றைக் காலுறை. அப்பாவுக்கு முட்டி மோசமாகத்தான் இருக்கிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் சீசன் முடியட்டும் என்பார். சொன்னேன் அல்லவா, பேசவில்லை என்று. சற்று முன்னால் வந்தார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதவருகில் நின்றார். அவர் அந்த பெஞ்சில் உட்கார்ந்த இடத்தை மாற்றி நான் பார்த்ததில்லை, நீ பிறந்த அன்றுகூட ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போய் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த மரம் குழிந்துபோயிருக்கிறது. அவர் சொன்னார், வாக்கெடுப்பு அன்னிக்கு நான் படிக்கட்டு ஓரத்துல உக்காந்துக்கிறேன் இர்மா. ஏன் என்றேன். முட்டி மடங்கினா நீட்ட நேரம் ஆகும்ல, முதல்ல எழுந்திரிக்கிறவன் நானா இருக்கணும், நான் எழுந்திரிச்சிட்டா மத்தவன் உக்காந்திருக்க வெக்கப்படுவான் என்றார். அவன் மூணு வரைக்கும் சுத்தமா எறிஞ்சிட்டா என்று கேட்டேன். குளிர்பெட்டியைத் திறந்தார், மூடினார். எறிஞ்சாலும்தான் என்றார்.

நீயும் யோரிஸும் நோய்நொடி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு, நீண்டநாள் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் உங்களை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்கட்டும். படத்தை மறக்காதே. தலைக்கவசத்தையும். அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே உனக்கு நடுராத்திரி தாண்டியிருக்கும், விழித்திருந்து ஆட்டத்தைப் பார்த்தாலும் பார், ஆனால் பலகையில் பூஜ்யம் இருந்தால் எங்களுக்கு ஃபோன் செய்யாதே, ஒன்றும் எழுதி அனுப்பாதே, அந்தச் சொல்லை யோரிஸிடம்கூடச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
இர்மா